தாசில்தாருக்கு ஈரம்

ஜாடியில் உப்பு உப்பாக நிற்காத ஊர் இது.
குருசுக்குப்பத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி,
அப்பளத்தைப் பொரித்த சூட்டோடு தின்றுவிட வேண்டும்.
பீரோ கதவு ஐப்பசியில் உப்பிக்கொண்டால்
பங்குனி வரை பிடிவாதம்.
இந்த ஊரில்தான்
ஈரம் வாங்கக் கடை கடையாக ஏறினேன்.

யாருக்கு என்றால்
தாசில்தாருக்கு.
ஒரு கண் மனுவிலும் ஒரு கண் கடிகாரத்திலுமாக
ஓர் அடி வைக்க மூன்று முறை ஆடி யோசிப்பதால்
மர்சலின் வைத்த பெயர்.
ஏமன் தேசத்து வகை, தலையில் கொண்டை.
பதிவுச் சீட்டு பீரோவில்,
எங்கள் கல்யாணப் பத்திரத்துக்கு அடியில்.

குற்றவாளி ஏசி.
ஏசி இல்லாவிட்டால் மர்சலினுக்கு முகம் வேர்க்கும்,
வேர்த்தால் முகமூடி வழுக்கும்,
வழுக்கினால் மூச்சு மெஷின் கூவும்.
போன வருஷம் டாக்டர் எண்ணிச் சொன்னார்:
ஒரு மணி நேரத்தில் நாற்பத்திரண்டு தடவை
உங்க வீட்டுக்காரர் மூச்சு விட மறந்துபோறார்.
மறதிக்கு மெஷின் வந்தது. மெஷினுக்காக ஏசி வந்தது.
ஏசியால் கூண்டுக்குள் முள் முப்பத்தெட்டுக்கு இறங்கியது.
உரித்த தோல் தாசில்தாரின் விரலில்
மோதிரம்போல் இறுகிக் கழல மறுத்தது.
(என் மோதிரமும்தான். அது வேறு கதை.)

மருந்துக் கடையில் நீராவிக் குடுவையை எடுத்து வைத்தார்.
"சளி எத்தனை நாளா?"
சளி இல்லை, பச்சோந்தி.
அவர் குடுவையைத் திரும்ப அலமாரியில் வைத்த விதம்
இன்னும் நினைவிருக்கிறது.
நல்லதாய்ப் போயிற்று. அது வெந்நீர் ஆவி,
இலையில் படியும் முன்னே ஆளை வேகவைத்துவிடும்.

நேரு வீதியில் ஒரு யானை.
துதிக்கையால் புகை விடும், ஏழு வண்ணம் மாறும்.
"உங்க பச்சோந்திக்குப் பொருத்தம்மா" என்று சிரித்தான் பையன்.
அது பக்கத்துப் பொருளைப் பார்த்து நிறம் மாறுவதில்லை தம்பி,
கோபத்துக்கு மாறும், குளிருக்கு மாறும்,
வேண்டாதவர் வந்தால் மாறும்
என்று சொல்ல நினைத்து
நானே கொஞ்சம் சிவந்து படியிறங்கினேன்.

ஞாயிறு சந்தை மீன்தொட்டிக்காரர் தந்த வில்லையை
ஒரு வாரம் கிண்ணத்தில் போட்டுப் பார்த்தேன்.
மேகம் அழகாகத்தான் எழுந்தது.
ஆனால் எங்கள் போர் தண்ணீர்
மேகமானாலும் சுண்ணாம்புதான்.
நான்காம் நாள் தாசில்தார்
வெள்ளையடித்த சர்க்கார் கட்டடம் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் ஒரு சாதா வெள்ளை டப்பா.
இரண்டு லிட்டர், குளிர்ந்த புகை, திருக ஒரு குமிழ்.
எடுத்ததற்கு ஒரே காரணம், வாய் அகலம்.
கை போகாத பாத்திரத்தில் பாசி போகும்.
கடைக்காரர் வாட் கணக்கு சொல்லச் சொல்ல
நான் மணிக்கட்டு வரை உள்ளே விட்டு
வெறும் தொட்டியைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

டிஸ்டில்டு வாட்டர் கேன் ஏற்கெனவே கட்டிலடியில் இருக்கிறது.
மர்சலின் மெஷினும் அதைத்தான் குடிக்கிறது.
பத்தரை மணிக்கு இரண்டு தொட்டியும் நிரப்புகிறேன்,
தாசில்தாருக்கு முதலில்.
ஏன் என்று அவன் கேட்டதில்லை. பார்த்திருக்கிறான்.
பிறகு நடுவில் படுக்கிறேன்.
இந்தப் பக்கம் உஸ். அந்தப் பக்கம் உஸ்.
அறையில் வெறும் மூக்கால் மூச்சு விடுவது
நான் ஒருத்திதான்.

நேற்று இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது.
மூன்று மெஷினும் ஒரே நொடியில் வாய் மூட,
கடல் கேட்டது.
இத்தனை மாதம் அது எங்கே போயிருந்தது?
ஜன்னலைத் திறந்துவிட்டேன்.
மர்சலின் முகமூடியைக் கழற்றிவிட்டு
இருட்டிலிருந்து கேட்டான்:
"தாசில்தாருக்கு எவ்ளோ காட்டுது?"
செல்போன் வெளிச்சத்தில்,
வெளிறிய இலைபோல், வாலைச் சுருட்டித் தூங்கினார்.
அறுபத்திரண்டு.
"எனக்கு?"

அவனுக்கென்று முள் எதுவும் வாங்கி வைக்கவில்லை.
புறங்கையை மூக்கருகே கொண்டுபோனேன்.
வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன்.
ஐம்பத்தைந்து இருக்கும், என்றேன்.

"கொறச்சலா இருக்கே" என்றான்.